தண்ணீர் ஊற்றாமல் அரைத்த தரை

டைல்ஸைவிடப் பாலிஷ் போட்ட கான்கிரீட் தரைதான் காலுக்குக் குளிர்ச்சி. சித்திரை மாதத்து மத்தியானத்தில் எங்கள் ஹாலில் வெறுங்காலோடு நடந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். நேற்று நீங்கள் வந்தபோது ஷூவைக் கழற்றவில்லை, அதனால் தெரிந்திருக்காது.

என் பெயர் சம்பந்தம். வயது அறுபத்திரண்டு. ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் வார்ப்புப் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இன்ஸ்பெக்டர் தேவிப்பிரியா மேடம் கேட்டுக்கொண்டபடி, நடந்ததை என் கைப்பட எழுதுகிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. காலையில் காப்பிகூட வாங்கிக் கொடுத்தார்கள்.

நானும் என் மனைவி ஷோபனாவும் இருபத்தாறு வருடம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பிறகுதான் கோவில்பதாகையில் இந்த வீட்டைக் கட்டினோம். ஒரே மகள் தீபிகா, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, பூந்தமல்லியில் ஃபிளாட்டில் இருக்கிறாள். போன வருடம் வெயிலில் எங்கள் ஹால் டைல்ஸ் பொங்கித் தூக்கிக்கொண்டது. மறுபடி டைல்ஸ் வேண்டாம், கான்கிரீட் போட்டு அதையே அரைத்துப் பாலிஷ் செய்துவிடலாம், இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சொன்னவள் தீபிகாதான். யோசனை என்னுடையது அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷோபனாவுக்கு நுரையீரல் இறுகிப்போகும் வியாதி. நான்கு வருடமாக மூக்கில் டியூப். பின்னறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அவளுக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்ததும், கஞ்சி வைத்ததும், தலை பின்னிவிட்டதும் நான்தான். தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். சலித்துக்கொண்டேன் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

வியாதி வந்த புதிதில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் ஷோபனாவைவிட என்னிடம்தான் அதிகம் கேட்டார். என்ன வேலை, எந்தப் பிரிவு, மணலோடு புழங்கினீர்களா, வேலைத் துணியை வீட்டில் துவைத்தது யார். கடைசிக் கேள்விக்கு ஷோபனா பதில் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். துணியில் வந்த மணல் தூசியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து புடவை மாற்றும்போது ஷோபனா சொன்னாள்.

"இருபத்தாறு வருஷம் உங்க சட்டைய உதறித்தாங்க ஊறப்போட்டேன்."

அவ்வளவுதான். சாகும்வரை மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எடுத்திருந்தால் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், "எப்படிம்மா வந்துச்சு இது?" என்று கேட்பார்கள். அவள் ஒரு நொடி என்னைப் பார்ப்பாள். பிறகு, "தெரியலைங்க" என்பாள். நான்கு வருடத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு நொடி. என்னைக் காப்பாற்றுகிறாளாம். நான் காப்பித் தம்ளரை வைத்துக்கொண்டு நிற்பேன். நான் இல்லாதபோதும் தெரியலை என்றுதான் சொல்கிறாளா என்று சந்தேகம் வந்தது. அவள் மகளோடு போனில் பேசும்போது சமையலறையில் குழாயை மூடிவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன். நான் வந்தால் குரலைத் தணிப்பாள். மூச்சு வாங்குகிறது என்பாள்.

ஜனவரியில் டைல்ஸைப் பெயர்த்தோம். அந்தத் தூசி ஆகாது என்று ஷோபனாவைப் பூந்தமல்லியில் விட்டுவிட்டு வந்தேன். மெஷினையும் நானே தூக்கிக்கொண்டு போனேன். அவளுக்குக் கெடுதல் நினைக்கிறவன் அதைச் செய்ய மாட்டான். கான்கிரீட் ஆற ஒரு மாதம் ஆகும். அதற்குள் அவளுக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது, திரும்பிவிட்டாள். அவளைக் கொண்டுவந்து விட்ட அன்று தீபிகா என்னிடம் கேட்டாள்.

"அப்பா, உங்க பழைய யூனிஃபார்ம் எல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

எதற்கு என்று நான் கேட்கவில்லை. தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். அம்மாவும் மகளும் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வாரம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள், எல்லாம் பேசி முடித்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. துணியைப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே அந்த நான்கு செட்டையும் பரணிலிருந்து எடுத்துக் கொளுத்தினேன். தரை துடைக்கக் கெட்டித் துணி வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டாளாம். போன வாரம்தான் அவளே சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள்.

அரைக்கிற வேலைக்குக் குத்தம்பாக்கத்திலிருந்து கார்த்திகேசன் வந்தார். நாற்பது வயது இருக்கும், நல்ல தொழில்காரர், தனியாகவே வேலை செய்வார். தரையைப் பார்த்ததும் சொன்னார்.

"தண்ணி ஊத்தி அரைச்சா தூசியே வராது சார். சேறு வரும், வாரிப் போட்டுக்கலாம். டிரையா அடிச்சா ஊடு ஃபுல்லா மாவாப் பூடும்."

டிரையாகவே அடியுங்கள், சேறு பட்டால் சுவர் கெட்டுவிடும் என்றேன்.

"ஊட்ல ஆளுங்க கீறாங்களா சார்?"

"யாரும் இல்ல. அம்மா மக வீட்டுக்குப் போயிருக்காங்க."

தீபிகாவிடம் தண்ணீர் ஊற்றித்தான் அரைக்கப் போகிறார்கள், தூசி இருக்காது, அம்மா இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தேன். ஷோபனாவிடம், தீபிகா வீட்டுக்கு மாமனார் மாமியார் வந்திருக்கிறார்கள், இப்போது போனால் அவளுக்குத்தான் சங்கடம் என்று சொல்லியிருந்தேன். ஷோபனா உடனே சரி என்றாள். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறவள். அவளுடைய செல்போனில் தூசி படக் கூடாது என்று எடுத்துத் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்தேன். தீபிகா என் போனில் கூப்பிட்டாள். அம்மா தூங்குகிறாள் என்றேன்.

பின்னறைக் கதவு தானாகத் திறந்துகொள்ளும், நீங்களே பார்த்திருப்பீர்கள். தூசி உள்ளே போகாமல் இருக்க வெளியே தாழ்ப்பாள் போட்டேன். கதவின் அடியில் ஈரத்துண்டு வைத்தேன். திங்கட்கிழமை வைத்தேன். செவ்வாய்க்கிழமை அந்தத் துண்டு வேறு வேலைக்குத் தேவைப்பட்டது.

மெஷின் ஓட ஆரம்பித்தால் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. வெள்ளையாக எழும்பும். எனக்கு அது பழக்கமான காட்சி. கார்த்திகேசன் முகமூடியைக் கழற்றாமலே வேலை பார்த்தார். நான் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மதியம் அவர் சாப்பிடப் போனதும் தாழ்ப்பாளைத் திறந்து ஷோபனாவுக்குச் சாதம் கொடுத்தேன். கட்டில், போர்வை, அவள் இமை எல்லாவற்றிலும் மாவு. செவ்வாய்க்கிழமை அவளால் ஒரு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை.

"இன்னும் எத்தன நாளுங்க?" என்று கேட்டாள்.

இரண்டு நாள் என்றேன். தலையை ஆட்டினாள். அப்போதும் என்னை அந்த மாதிரி ஒரு நொடி பார்த்தாள்.

அன்று மூன்று மணிக்குக் கல் மாற்றுவதற்காகக் கார்த்திகேசன் மெஷினை நிறுத்தினார். நிறுத்தியவர் அப்படியே குனிந்தபடி பின்பக்கம் பார்த்தார்.

"சார், உள்ள யாரோ இருமுற மாதிரி கீதே."

"பக்கத்து வீடு. ஜன்னலும் ஜன்னலும் ஒட்டி இருக்கு."

"இல்ல சார், இங்கிருந்துதான் வருது."

"வயசானவங்க. எப்பவும் இருமுவாங்க."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார், தாழ்ப்பாளைப் பார்த்தார். குனிந்து கல்லை மாட்டினார். சந்தேகப்பட்டார் என்று எனக்குத் தெரியும். கூலிக்கு வந்த இடத்தில் வீட்டுக்காரரை எதிர்த்து என்ன கேட்க முடியும். அவரை நீங்கள் இதில் சேர்க்கக் கூடாது. அவர் மீது எந்தத் தவறும் இல்லை.

புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு கரண்ட் டிரிப் ஆனது. கார்த்திகேசனின் மெஷின் நிறைய இழுக்கும்.

"உள்ள இன்னாவோ ஓடினுகீது சார். ஏசியா? அத்த நிறுத்துனாத்தான் இது ஓடும்."

பழைய ஃபிரிட்ஜ் என்றேன். மீட்டர் பெட்டியைத் திறந்து, எல்லா சுவிட்சையும் மேலே தள்ளினேன். பின்னறைக்கு உரியதை மட்டும் கீழேயே விட்டேன். ஒரே நேரத்தில் இரண்டும் ஓடாது என்கிறார் தொழில் தெரிந்தவர். ஏதாவது ஒன்றைத்தான் நிறுத்த முடியும். வேலை பாதியில் நின்றால் தரையில் திட்டுத் திட்டாகத் தெரியும்.

கரண்ட் நின்றால் ஆக்ஸிஜன் மெஷின் கீச்சென்று கத்தும். கத்தியது.

"அது இன்னா சத்தம் சார்?"

"இன்வெர்ட்டர்."

அவர் மெஷினைப் போட்டார். ஒன்று பத்துக்கு நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். நான் மீட்டர் பெட்டியைச் சரிசெய்துவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தேன். கதவு முழுதாகத் திறக்கவில்லை, அவள் அதன்மேல் சாய்ந்திருந்தாள். முகத்தைத் துடைத்துக் கட்டிலில் படுக்கவைத்து, டியூபை மாட்டிவிட்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். கார்த்திகேசனுக்குப் போன் செய்து இன்று வேலை வேண்டாம், நாளைக் கழித்து வாருங்கள் என்றேன். இறந்ததற்குக் காரணம் நாள்பட்ட நுரையீரல் வியாதி என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். எல்லோரும் நான்கு வருடமாக எதிர்பார்த்ததுதான். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் கார்த்திகேசன் மாலையோடு வந்தார். முன்பு மீதி வேலையை முடிக்க வந்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. தீபிகாவிடம் கையைக் கூப்பி, "உங்க ஊட்லயே தவறிட்டாங்களாம்மா? உங்ககூடதான் கீறாங்கன்னு சார் சொன்னாரு" என்றார். தீபிகா அவரை வாசலுக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பேசினாள். நெடுநேரம் பேசினாள். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அப்பா என்று கூப்பிடவில்லை. "தண்ணி ஊத்தித்தான் அரைச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு உங்களிடம் வந்தாள்.

நேற்று நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. உங்கள் மனைவி கூப்பிட்டாரா, உங்களுக்குக் கேட்டதா என்று கேட்டீர்கள்.

முப்பத்து மூன்று வருடம் மெஷின் சத்தத்தில் நின்றவன் நான். அதற்கு அடியில் வேறு சத்தம் வந்தால் எனக்குத் தெரியும். சுவிட்சைக் கீழே விட்டுப் பத்து நிமிடம் இருக்கும். உள்ளங்கையால் கதவைத் தட்டினாள். மூன்று தட்டு, இடைவெளி, பிறகு இரண்டு. என் பெயரைச் சொல்லி அவள் என்றுமே கூப்பிட்டதில்லை. அன்று சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் கார்த்திகேசன் மெஷினை நிறுத்தப் போனார்.

கதவோரம் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது, நிறுத்தாமல் இன்னொரு சுற்று ஓட்டுங்கள் என்று சைகை காட்டினேன். அவர் மெஷினைக் கதவோரம் தள்ளிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கட்டாயம் திறந்திருப்பேன்.