ஒரு மார்க் முன்னால்

என் தங்கை தாரணிக்கு மாதம் எட்டு ரப்பர் ஆகும். ஹெப்பகோடியில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர் முனிராஜ், "ஏம்மா, ரப்பரைப் பொரிச்சுத் திங்கிறீங்களா?" என்று கேட்பார். எட்டாவது படிக்கிற பிள்ளை. ஒரு கோடு கோணினால் போதும், பக்கத்தையே கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவாள். அதை நான் கெட்ட பழக்கமாக நினைத்ததில்லை.

உஷா டாக்டர், குளோரியா யார் என்று நேற்று கேட்டீர்கள். அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அம்மா மாத்திரை வாங்கப் போயிருக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அம்மா பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் காலர் தைத்துப் படிக்க வைத்தாள். எண்பத்து நான்கு சதவீதம். முதல் இன்டர்வியூவில் என் இங்கிலீஷைக் கேட்டு இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் போனவன் அறுபத்தைந்து. அவன் அப்பாவுக்கு அங்கே ஆள் இருந்தது. வேலை அவனுக்கு. அவர்களுக்கு அறுபத்தைந்து போதும், எங்களுக்குத் தொண்ணூற்றெட்டும் போதாது. இதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பிறகு ஒரு ஆன்லைன் டியூஷன் கம்பெனியில் சேர்ந்தேன். கெட்டிக்காரப் பிள்ளைகளோடு சாட்டில் பேசுவது என் வேலை. சிங்கப்பூர், துபாய், சிகாகோ, கோயம்புத்தூர். ஊர்தான் வேறு. ஒரு மார்க் போனால் சிங்கப்பூர் பையன் அம்மாவிடம் காட்டமாட்டான். சிகாகோ பெண், நன்றாகச் செய்தாய் என்று சொன்னால் அழுவாள். எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: எனக்கு முன்னால் யார்? அதனால் உலகத்திலேயே இல்லாத பிள்ளைகளின் பெயரை நாங்களே உண்டாக்கி ரேங்க் பட்டியலின் உச்சியில் போட்டு வைப்போம். வெளிநாட்டு அப்பா அம்மா கண்டுபிடித்துச் சண்டை போட்டால் அந்தப் பெயரை எடுத்துவிடுவோம். எங்களைப் போன்ற வீடுகளிலிருந்து யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

தாரணியையும் எங்கள் டியூஷனில் சேர்த்தேன். குளோரியாவை அவளுக்காக மட்டும் உண்டாக்கினேன். ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களா வீட்டுப் பெண், தாரணி படிக்கிற அதே வகுப்பு. தாரணி டெஸ்ட் முடித்ததும் நான் குளோரியாவாக உள்ளே போய் ஒரு மார்க் கூடுதலாக எடுப்பேன். தாரணி நூறு எடுத்த அன்று குளோரியாவும் நூறு எடுத்தாள், அவளைவிடப் பதினோரு நிமிடம் குறைவான நேரத்தில்.

"தொண்ணூத்தெட்டா? குடு அந்த பேப்பரை, எங்க சூப்பர்வைசர் மூஞ்சில தேச்சிட்டு வரேன்" என்பாள் அம்மா.

"சும்மா இரும்மா. குளோரியா தொண்ணூத்தொம்போது."

"அவ யாருடி, கலெக்டர் பொண்ணா?"

தாரணி சிரிக்கவில்லை. நானும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாரணி குளோரியாவுக்கு மெசேஜ் அனுப்பினாள். "தப்பு பண்ணா நீ அழுவியா?" நான் மூன்றடி தள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு பதில் போட்டேன்: "நான் தப்பு பண்ணமாட்டேன்." அவள் அதைப் படிப்பதைப் பார்த்தேன். வெகுநேரம் படித்தாள். பிறகு கணக்கு நோட்டைத் திறந்தாள். அதற்குத்தானே அனுப்பினேன்.

மதியச் சோற்றை அவள் நிறுத்தியது எனக்குத் தெரியும். சாப்பிட்டால் தூக்கம் வருகிறது என்றாள். தப்புக்கு ஒன்று என்று முழங்கைக்கு மேலே காம்பஸ் முனையால் கீறிக்கொண்டதும் தெரியும். நீங்கள் எண்ணியது இருபத்தாறு. நான் பார்த்தபோது பதினான்கு. முழுக்கைச் சட்டை வாங்கிக் கொடுத்தேன்.

உண்டுறைவிடப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வில் முதல் விடையை எழுதி, அழித்து, எழுதி, அழித்து, தாள் கிழிகிறவரை அழித்தாள் என்று கண்காணிப்பாளர் சொன்னார். மூன்று மணி நேரம். பெயர் மட்டும் இருந்த தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து பேச்சில்லை, சாப்பாடில்லை. மீதிதான் உங்கள் கேஸ் ஷீட்டில் இருக்கிறதே.

உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்பீர்கள். சொன்னால் அவளுக்கு என்ன மிச்சம்? ஒன்றரை வருடம் யாருமில்லாத ஒருத்தியிடம் தோற்றாள் என்பதா? நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை.

நேற்று மதியம் குளோரியா பெயரில் எழுதினேன். "எனக்கும் இப்படித்தான் ஆச்சு. ஆறே நாள்ல எழுந்துட்டேன்." படித்த பத்தாவது நிமிடம் தாரணி வாய் திறந்து நர்ஸிடம் இட்லி கேட்டாள். மருந்து வேலை செய்கிறது என்று நீங்கள் அம்மாவிடம் சொன்னீர்கள். அம்மா உங்கள் காலில் விழப் போனாள். என் தங்கையை எனக்குத்தான் தெரியும்.

இன்று காலை அரை இட்லி சாப்பிட்டாள். குளோரியா இரண்டு சாப்பிட்டதாக எழுதி அனுப்பிவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.