அசலாயிஸின் முட்செடி

கழுதைகளை எனக்குப் பிடிக்கும், நீதிபதி ஐயா. மோன்பெலியே மூலிகைத் தோட்டத்திலிருந்து செடி தேடி மலைக்குப் போகும்போதெல்லாம் காகிதக் கட்டுகளையும் ரொட்டியையும் ஒரு கழுதைதான் சுமக்கும். அதனால் என்னைக் காட்டிக்கொடுத்த அந்த இடையனின் கழுதைமேல் எனக்கு வருத்தம் இல்லை.

மத்யூரனைப் பற்றிக் கேட்டீர்கள். தோட்டத்தில் என்னோடு வேலை பார்த்தவன், நண்பன். என் மகள் அசலாயிஸ் கொள்ளைநோயில் போனபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன். அடுத்த கோடையில், மலையுச்சிப் பாறை இடுக்கில் அந்தச் செடியைக் கண்டேன். தண்டே கிடையாது. பாறையோடு ஒட்டிய ஒற்றைப் பூ, இலையெல்லாம் வெள்ளைப் பட்டு மயிர். எந்தப் புத்தகத்திலும் இல்லை. புதுச் செடியைக் கண்டவனே அதற்குப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். என் மகள் பெயரை வைத்தேன். என் புத்தகத்தில் அச்சிட மரக்கட்டையில் படம்கூடச் செதுக்கியாயிற்று.

மத்யூரன் பார்க்க ஆசைப்பட்டான். கூட்டிப்போனேன். மண்டியிட்டு, இலையைக் கிள்ளி மென்று பார்த்தான். எங்கள் தொழிலில் நாக்கும் ஒரு கண்.

“ஏம்ப்பா, இது நம்ம வழியோர முட்செடிதான். கழுதை திங்கிறது. இங்க மண்ணு இல்ல, பட்டினி கெடந்து குட்டையாயிடுச்சு.”

“நாக்கு மரத்துப்போச்சா உனக்கு? ஒயினக் கொறைச்சுக்கோ,” என்றேன்.

“வேரோட கொண்டுபோய் நல்ல மண்ணுல வைக்கிறேன். அடுத்த வருஷம் ஆள் உயரம் நிக்கும் பாரு. புத்தகம் வந்து ஊரே சிரிக்கறதுக்கு நான் ஒருத்தன் சிரிச்சா தேவல. கோவிச்சுக்காத.”

வேரில் களைக்கொத்தை வைத்தான். புதைத்த என் பிள்ளையைத் தோண்டுகிறான் என்றுதான் எனக்குப் பட்டது. கொத்தை அவன் கையிலிருந்து மெதுவாகத்தான் வாங்கினேன். முதல் அடி காதுக்கு மேல். அவன் என் பெயரைச் சொன்னான். எலும்பு வேரைப்போல் ஒரே வெட்டில் விடாது. முகம் என்று ஒன்று இல்லாமல் போகும்வரை வெட்டினேன். அப்படியும் உயிர் போக நேரமாயிற்று. அதுவரை பூவில் தெறித்த ரத்தத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த இடுக்கிலேயே அவனைத் திணித்து, ஆற்றங்கரை மண்ணைக் கழுதைமேல் ஏற்றிவந்து மூடினேன். செடியின் வேர் ஆடிப்போயிருந்தது. அவன்மேலேயே நட்டுவிட்டுத் திரும்பினேன். பிறகு அங்கே போகவில்லை. போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

இந்த ஆண்டு மொட்டைப் பாறையில் ஆள் உயரத்துக்கு முட்செடி நிற்பதைக் கண்டு இடையனின் கழுதை ஏறிப் பிடுங்கியதாம், வேரோடு விரலெலும்பும் வந்ததாம். அந்தச் செடியைத்தான் மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். கிளை கிளையாக இருக்கிறது, பட்டு மயிரே இல்லை. வழியோர முட்செடிதான், பார்த்ததும் தெரிகிறது.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதை என் மகளின் செடி என்று மட்டும் எழுதாதீர்கள். அவன் சட்டைப்பையில் முட்செடி விதையை மறைத்துக் கொண்டுவந்திருக்கிறான், அதுதான் முளைத்திருக்கிறது, ஐயா. தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்ள அவனுக்குக் கடைசிவரை மனம் வரவில்லை.