மூன்றாவது கியரில் ஒரு சோதனை

கிளட்ச் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள மெக்கானிக் வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர். கை பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். என்ஜின் அணைந்தால் கிளட்ச் நல்லது. அணையாமல் உறுமினால் பிளேட் தேய்ந்துவிட்டது.

என் கார் எண்பத்தாறாம் வருஷத்தது. நிலமெல்லாம் விற்றாயிற்று, இதை விற்கவில்லை. வாசலில் இது நிற்கும்வரை என் வீடு பண்ணைவீடு. இல்லாவிட்டால் ஓடு சரிந்த வெறும் வீடு. பின்கதவுகளில் ஒன்று திறக்கவே திறக்காது. இன்னொன்றை வெளியிலிருந்து மட்டும் திறக்கலாம்.

அன்று காலை என் மனைவி நீலாயதாட்சிக்கு நெஞ்சுவலி. பின்சீட்டில் படுக்கவைத்துத் திருத்துறைப்பூண்டிக்குக் கிளம்பினேன். ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். அரை கிளட்சிலேயே ஊர்ந்ததில் கருகல் வாடை வந்தது. பிறகு என்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை.

பின்னால் இளவழகன் புதுக் காரில் வந்து நிறுத்தினார். ‘அவர்’ என்றே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பண்ணையாள் முருகையனின் மகன், இப்போது இன்ஜினீயர். நான் சாதி பார்ப்பவனல்ல. அவர் வீட்டுப் புதுமனை விழாவுக்கே போயிருக்கிறேன். சாப்பிடவில்லை, எனக்குச் சர்க்கரை. தண்ணீரும் குடிக்கவில்லை, தாகமில்லை.

“ஐயா, அம்மாவ என் வண்டில ஏத்திடலாம். பதினஞ்சு நிமிஷத்துல ஆஸ்பத்திரி,” என்றார்.

நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திப் பார்த்தார்கள். அவசரப்படக் கூடாது, முதலில் கோளாறு என்னவென்று பார்ப்போம் என்றேன். சோதனையைச் செய்தேன். என்ஜின் அணையவில்லை. இரண்டாம் முறையும் செய்தேன், மூன்றாம் முறையும் செய்தேன்.

அந்தப் பெண்களில் அம்சம் என்பவளுக்கு வாய் நீளம். “வண்டிக்கு வைத்தியம் பாக்குற நேரமா சாமி இது?” என்றாள்.

வண்டி போகாது என்று எனக்கு முதல் சோதனையிலேயே தெரியும். மெக்கானிக் வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னேன். நான் யாரையும் கூப்பிடவில்லை. என்ஜினை ஓடவிட்டு இறங்கி, திறக்கக்கூடிய அந்தப் பின்கதவில் சாய்ந்து நின்றேன்.

“ஐயா, கொஞ்சம் நகருங்க. அம்மா கண்ணாடிய தட்டுறாங்க.”

அது டேப்பட் சத்தம், பழைய என்ஜினில் அப்படித்தான் கேட்கும் என்று விளக்கினேன்.

முருகையன் உயிரோடிருந்தவரை அவர் நிழல்கூட என்மேல் பட்டதில்லை. மகனும் என்னைத் தொடமாட்டார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை இருபது நிமிஷம் வீண்போகவில்லை.

தட்டும் சத்தம் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்போதுதான் அவன் என் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தான். நீலாவின் கை வெளியே சரிந்து தொங்கியது.

அவள் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் ஸ்டேஷனுக்கு வந்தது அதற்காக அல்ல. அத்தனை பேர் முன்னால் அவன் என்னைத் தொட்டிருக்கிறான். முதலில் அந்தப் புகாரை வாங்கிக்கொள்ளுங்கள்.