பன்னிரண்டு வினாடி வித்தியாசம்

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: எது ஸ்பீட்? வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அளந்துதான் காட்ட வேண்டும். பதினாறு வருடமாக ருவான்வெல்லை கடைத்தெருவில் கம்ப்யூட்டர் திருத்துகிறேன். நான் அளந்தது பிழை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

நடந்ததை நீங்களே எழுதித் தாருங்கள் என்றீர்கள், ஐயா. என் பெயர் சதீஸ். சிங்களத்திலும் எழுதுவேன். ஆனால் தமிழில் எழுதினால்தான் ஒன்றும் விடுபடாது.

வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பரா ஒன்று எங்கள் றப்பர் தோட்டத்தில் உண்டு. அங்கே வைக்க, போன வருடம் தோட்டக் கமிட்டி ஒரு கம்ப்யூட்டர் வாங்கியது. எந்தப் பிரசாசர் போடுவது என்று வாக்குவாதம் வந்தது. பதினோராம் தலைமுறை ஐ-ஃபைவ் போதும் என்றேன் நான். ஆறு கோர்தான், ஆனால் ஒவ்வொன்றும் புதுசு, சுறுசுறுப்பு. பத்தாம் தலைமுறை ஐ-செவன்தான் வேண்டும், அதில் எட்டு கோர் என்றான் உதயராஜ். தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். வரக்காப்பொலையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை, வீடு தோட்டத்து வரிசை வீடுகளில், கீழ் லயத்தில்.

"மச்சான், ஆறு பேரு பால் வெட்டுற மலையும் எட்டு பேரு வெட்டுற மலையும் ஒண்ணாடா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். கமிட்டி சிரித்தது. தலைவர் காத்தமுத்து அண்ணன்கூட வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். அவன் சொன்னதையே வாங்கினார்கள். எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு வருடமாகக் காதை விட்டுப் போகவில்லை.

இரண்டு பிரசாசரையும் நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே போர்ட், ஒரே ராம், ஒரே காற்றாடி. அந்தக் கம்ப்யூட்டரின் போர்டில் இரண்டுமே பொருந்தும். பௌர்ணமி லீவான போயா தினத்தில் பிள்ளைக்காம்பரா பூட்டியிருக்கும் என்பதால் அன்றைக்குப் போனேன். சாவி வைத்திருந்த கிருஷ்ணகுமாரி அக்கா வந்து திறந்துவிட்டார். மூன்று நாளாக மழை. பால்வெட்டு இல்லாததால் சனமெல்லாம் லயத்திலேயே இருந்தது. உதயராஜுக்கும் லீவு.

உதயராஜின் கல்யாண வீடியோவைத்தான் சோதனைக்கு எடுத்தேன். அதை வேறு வடிவத்துக்கு மாற்ற எத்தனை நேரம் பிடிக்கிறது என்று பார்ப்பது. வேறு எதை எடுத்தாலும் லேசான வேலை என்று நொட்டை சொல்வான். ஒரு பிரசாசருக்கு மூன்று ஓட்டம், பிறகு சராசரி. அளக்குமுன் பின்னால் ஓடும் புரோகிராம்களை மூட வேண்டும், அவை பிரசாசரில் கொஞ்சம் தின்னும். வைரஸ் காவலை மூடினேன். பிரிண்டரை மூடினேன். மழைப் புரோகிராமையும் மூடினேன்.

மழைப் புரோகிராம் என்னவென்று சொல்ல வேண்டும். பிள்ளைக்காம்பராக் கூரையில் உள்ள மழைமானியை அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும். நூற்றைம்பது மில்லிமீற்றரைத் தாண்டினால் திரையில் சிவப்புப் பெட்டி வரும். ஒரு நிமிடம் கழித்துக் கோயில் ஸ்பீக்கரில் சங்கு ஊதும். கீழ் லயத்துக்கு மேலே உள்ள மண்மேடு நான்கு வருடத்துக்கு முன்னால் வெடிப்பு விட்டது. அதற்காகத்தான் இந்தக் கம்ப்யூட்டரே வாங்கினார்கள். அந்த வேலைக்கு எந்தப் பிரசாசரும் போதும் என்பது எனக்கும் தெரியும், உதயராஜுக்கும் தெரியும்.

அந்த ஒரு நிமிடத்தை வைத்தது நான்தான். பிள்ளைகள் இரண்டு முறை மழைமானியில் தண்ணீர் ஊற்றியதில் சனம் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடியது. பொய் எச்சரிக்கை என்றால் நிறுத்த ஒரு பட்டன் போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் புரோகிராமை மூடுமுன்னே சிவப்புப் பெட்டி வந்தது, அப்போது மணி ஒன்று இருபது.

"தம்பி, செவப்பா ஏதோ வருதுங்களே. கீழ சொல்லிட்டு வரவா?" என்றார் அக்கா.

"வேணாங்கக்கா. புள்ளைங்க தண்ணி ஊத்தியிருப்பாங்க."

"இந்த மழையிலயா?"

பட்டனை அழுத்தினேன். உலையில் அரிசி கிடக்கிறது என்று அக்கா கீழே போனார். போகிற வழியில் பீலியடியில் தண்ணீர் பிடிக்க நின்றவர்களிடம், "சதீஸ் தம்பி கம்ப்யூட்டர்ல பாத்துக்கிட்டுத்தான் இருக்கு, பயப்படாதீங்க" என்று சொன்னாராம். காத்தமுத்து அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு இதைச் சொன்னார்.

அக்கா போன பிறகுதான் அந்தப் புரோகிராமை முழுதாக மூடினேன். ஐ-செவன் மூன்று முறை ஓடியது. பிறகு கழற்றி, துடைத்து, பசை தடவி ஐ-ஃபைவைப் போட்டேன். அரை மணி நேரம் போயிற்று. கம்ப்யூட்டரை மறுபடி போட்டதும் மழைப் புரோகிராம் தானாக எழுந்து நூற்றுத் தொண்ணூற்றொன்று என்று காட்டியது. அதை மூடினேன். முதல் பிரசாசருக்கு மூடிவிட்டு இரண்டாவதற்குத் திறந்து வைத்தால் அது நியாயமாகாது.

ஐ-ஃபைவும் மூன்று முறை ஓடியது. அத்தோடு எழுந்திருக்கலாம். கீழ் லயத்திலிருந்து கோயில் மேட்டுக்கு, நடக்க முடியாதவர்களையும் தூக்கிக்கொண்டு ஏற பத்து நிமிடம் போதும். ஒத்திகையில் அதை அளந்ததும் நான்தான். ஆனால் என் பிரசாசர் பின்தங்கியிருந்தது. நான்காவது முறை ஓட்டினேன். ஐந்தாவது முறையும் ஓட்டினேன்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சத்தம் கேட்டது. தரை அதிர்ந்தது, கரண்ட் போயிற்று. சங்கு ஊதுவதற்காக வாங்கி வைத்த பேட்டரியில் கம்ப்யூட்டர் தொடர்ந்து ஓடியது. எண்பத்தொன்பது வீதம் முடிந்திருந்தது. முடியும்வரை இருந்து, எண்ணை எழுதிக்கொண்டு வெளியே வந்தேன். கீழே லயம் இருந்த இடத்தில் சேறு இருந்தது.

பதினான்கு பேர். கிருஷ்ணகுமாரி அக்காவை அன்றைக்கே எடுத்தார்கள். உதயராஜையும் அவன் மனைவி மதுஷாவையும் இரண்டாம் நாள்தான் எடுக்க முடிந்தது. அவர்களுடைய கல்யாண வீடியோ, நீங்கள் கொண்டுபோன கம்ப்யூட்டரில் எட்டுப் பிரதி இருக்கிறது. வீட்டார் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

தெரியாமல் நடந்தது என்று எழுதச் சொல்லி என் வக்கீல் சொல்கிறார். அது பொய், ஐயா. பெட்டியில் இருந்ததை இரண்டு முறையும் வாசித்தேன். கீழே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். தெரிந்துதான் மூடினேன்.

முடிவையும் எழுதிவிடுகிறேன். ஐ-செவன் ஆறு நிமிடம் நாற்பது வினாடி. ஐ-ஃபைவ் ஆறு நிமிடம் ஐம்பத்திரண்டு. நான்காவது, ஐந்தாவது ஓட்டங்களைச் சராசரியில் சேர்க்கவில்லை, அந்தப் பக்கம் மூன்று என்றால் இந்தப் பக்கமும் மூன்றுதான். உதயராஜ் சொன்னதுதான் சரி. எனக்குப் பாதகமான எண்ணைக்கூட மறைக்காமல் எழுதியிருக்கிறேன், நான் ஒருபக்கம் சாய்ந்து அளந்தேன் என்று இனி யாரும் சொல்ல முடியாது.