ஏழு வரை எண்ணுகிறவன்

கேள்வி காதில் விழுந்து முடியுமுன் பதில் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. கதிரையைக் காட்டினீர்கள், தண்ணீர் தந்தீர்கள், பிறகு பேசாமல் இருக்கிறீர்கள். எங்கள் ஃபெக்டரியில் அந்த நிதானம் இருந்த ஒரே ஆள் நான்தான்.

அலுவிகாரையில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது ஃபெக்டரி. கறுவா இலையில் எண்ணெய் வடிக்கிறோம். நான் பத்தொன்பது வருஷமாக மெனேஜர். ஒருமுறை கண்டியில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கஷ்டமான கேள்வி வந்தால் மனசுக்குள் ஏழு வரை எண்ணுங்கள், பிறகு பேசுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் பட்டிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் எழுதிக்கொண்டேன், திரும்பி வந்து ஃபெக்டரியில் எல்லோருக்கும் சொன்னேன். அன்றிலிருந்து சம்பளம் கூட்டிக் கேட்டு வந்தாலும், லீவு கேட்டு அழுதாலும், ஏழு வரை எண்ணித்தான் வாயைத் திறப்பேன். பாதிப் பேர் ஐந்துக்குள்ளேயே கேட்டதை வாபஸ் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய உறுதி.

அனுஷியா அப்படிப் போகவில்லை. போன வருஷம் தரம் பார்க்கிற வேலைக்கு வந்த பிள்ளை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து கெம்பஸ் வரை படித்தவள். படிப்பு அவளுக்கு வேகத்தைத்தான் கொடுத்திருந்தது. மனசில் தோன்றுவதும் வாயில் வருவதும் ஒரே நேரம்.

இலை அவிக்கிற டேங்கிக்குள் ஆள் இறங்கிச் சுத்தம் செய்வது உண்டு. அந்த நேரம் ஸ்டீம் பைப்பைப் பூட்டி வைக்க ஒரு பூட்டு வேண்டும், இறங்குகிற ஆளிடமே சாவி இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். நியாயமான கடிதம்தான். நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் ஒரு கூட்டம். முதலாளி மக்கீன் ஹாஜியார் என்னிடம் கேட்டார்: "ஜீவராஜ், அந்தப் பூட்டு விசயம் என்னாச்சு?"

எண்ணத் தொடங்கினேன். நான்குக்கு வந்தபோது அனுஷியா பேசினாள்.

"சேர் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள இன்னொரு மாசம் போயிரும், ஹாஜியார். நானே சொல்லிர்றேன். கடிதம் குடுத்தது மார்ச்சுல. இன்னும் அவர் மேசை லாச்சியிலதான் கெடக்கு."

முதலாளி சிரித்துவிட்டார். "இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? வாங்கிப் போடுங்க." அவர் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்குச் சிரிப்புக்கும் ஒரு மேலதிகாரி வேண்டும்.

அதற்குப் பிறகு கென்டீனில் ஒரு விளையாட்டு ஆரம்பித்தது. ஒருத்தி இன்னொருத்தியிடம் "டீ வேணுமா?" என்று கேட்பாள். கேட்கப்பட்டவள் தாடையில் கை வைத்து, கண்ணை மேலே உருட்டி, மற்றக் கையில் ஏழு வரை விரல் மடக்குவாள். பிறகு "ம்" என்பாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது அவர்களுக்குத் தெரியும். அனுஷியா அந்த விளையாட்டில் சேரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை, "வேலையப் பாருங்கடி" என்று அவர்களை ஏசக்கூட ஏசினாள். எனக்காக அவள் பரிந்து பேசினாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பூட்டு வந்தது. ஒரு திங்கட்கிழமை. லாச்சியில் வைத்தேன்.

அந்த வாரமே வியாழக்கிழமை காலை பத்து மணியிருக்கும். டேங்கியின் அடித் தட்டில் ஏதோ வெடிப்பு என்று பார்க்க, அனுஷியா டோர்ச்சோடு ஏணியில் ஏறி உள்ளே இறங்கினாள். என் ஜன்னலிலிருந்து ஏணி நன்றாகத் தெரியும். பொய்லர் அறை பின்பக்கம். அங்கிருந்து எதுவும் தெரியாது. அதனால் பொய்லர் பார்க்கிற இருளாண்டி ஸ்டீமைத் திறக்குமுன் எனக்கு ஃபோன் எடுத்துக் கேட்பான். அன்றைக்கும் எடுத்தான்.

"ஐயா, டேங்கியில யாரும் இல்லத்தானே? ஸ்டீம தொறக்கவாங்க?"

பிறகு நடந்தது உங்கள் ஃபைலில் இருக்கிறது. மாத்தளை ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கண்டிக்கு ஏற்றினார்கள். வழியில் அக்குறணை தாண்டுமுன் உயிர் போய்விட்டது.

விசாரணையில் நான் சொன்னது சுருக்கமானது. அவன் கேட்டான், நான் வழக்கம்போல யோசித்துக்கொண்டிருந்தேன், என் பதிலுக்குக் காத்திருக்காமல் திறந்துவிட்டான். யாரும் சந்தேகப்படவில்லை. என்னைக் கேலி செய்த அதே பிள்ளைகள் அழுதுகொண்டே சாட்சி சொன்னார்கள்: ஆமாம், சேர் எதற்கும் உடனே பதில் சொல்ல மாட்டார். இருளாண்டியை விளக்கமறியலில் போட்டார்கள். "ஐயா தொறக்கச் சொன்னாரு" என்று அவன் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. பதறிப் பதறிச் சொன்னான். பதறுகிறவனை யார் நம்புவார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி சந்திரகாந்தா என் வீட்டு கேட்டுக்கு வந்தாள். எங்களிடம்தான் இலை கட்டுகிற வேலை செய்கிறாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஐயா, அன்னைக்கு எங்க வீட்டுக்காரர்கிட்ட என்னா சொன்னீங்க?"

நான் எண்ணினேன். அவள் பொறுமையாக நின்றாள். ஏழு முடிந்ததும் சொன்னேன்: "நான் ஒண்ணும் சொல்லல. யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

"இப்ப யோசிச்ச மாதிரியாங்க?"

"ஆமா."

அவள் பையிலிருந்து ஒரு பழைய ஃபோனை எடுத்தாள். "இது அவரு ஃபோன். அன்னைக்கு அந்த அவசரத்துல, பொய்லர் ரூம்ல மாட்டி வச்ச சட்டைப் பையிலேயே விட்டுட்டு ஓடிட்டாரு. எங்க மக பாத்துச் சொன்னா. உங்களோட பேசுனது மொத்தமே நாலு செக்கன்தானாம். அவரு கேக்குறதுக்கே மூணு செக்கன் போயிருக்குமே, ஐயா. நீங்க எங்க யோசிச்சீங்க?"

எழுத்துக்கூட்டி வாசிக்கிற பெண். அவள் உங்களிடம் வருமுன் நானே வந்திருக்கலாம். மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். அதற்குள் நீங்கள் வந்து என்னை இங்கே கூட்டிவந்துவிட்டீர்கள்.

அவன் கேட்டபோது ஏணியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடியில் அவளுடைய செருப்பு ஜோடி ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அவன் கேட்டு முடிக்கவில்லை, நான் "தொற" என்றேன். எண்ணவில்லை. ஒன்று என்றுகூட எண்ணவில்லை.

அதனால் இதைத் திட்டமிட்டது என்று நீங்கள் எழுதக் கூடாது. யோசிக்காமல் வாயில் வந்தது. எல்லோருக்கும் வருவதுதான், அந்தப் பிள்ளைக்கு வரவில்லையா? நிதானமாக யோசித்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. அதைத்தான் நானும் இந்த மூன்று மாதமாக யோசித்தேன், ஐயா, ஒவ்வொரு நாளும், அவசரமே படாமல்.

அதே பதில்தான் வருகிறது.