புள்ளி தின்ற பெயர்கள்

பிள்ளைகளே, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளம் பெண்கள் இருந்தார்கள். மடியில் கணினி வைத்திருந்தவள் திடீரென்று சொன்னாள்.

“அக்காட கலியாணத்தில ஒருத்தருக்கும் பேர் இல்லையடி.”

தோழி திரும்பிப் பார்த்தாள். “என்னடி செய்தனி?”

“மேசையில வைக்கிற பெயர் அட்டைக்கு, இனிஷலுக்குப் பக்கத்தில கிடக்கிற புள்ளி வேண்டாமெண்டு அக்கா சொன்னவ. புள்ளியைத் தேடி அழிக்கச் சொல்லி புரோகிராம் எழுதினன். எல்லா எழுத்தும் போயிட்டுது. இப்ப இறங்கின உடன அச்சகத்தில குடுக்க வேணும்.”

“விசரி, அந்தத் தேடலில புள்ளி எண்டால் எந்த எழுத்தும் எண்டுதான் அர்த்தம். புள்ளிக்கு முன்னால ஒரு பேக்ஸ்லாஷ் போடு, அந்தச் சரிஞ்ச கோடு. அப்பதான் வெறும் புள்ளியைத்தான் கேக்கிறாய் எண்டு கணினிக்கு விளங்கும். பழைய பிரதி இருக்கோ?”

“ஓம், இருக்கு.”

அவள் அதை எடுத்து, கோட்டைப் போட்டு, மறுபடி ஓடவிட்டாள். பஸ் கொட்டாஞ்சேனையில் நின்றது.

“புள்ளி மட்டும் போயிட்டுதடி. எல்லாரும் இருக்கினம்.”

“அப்ப இறங்கு.”

“அக்காவுக்கு மட்டும் சொல்லிப் போடாத. கொஞ்ச நேரம் மாப்பிள்ளையும் இல்லாமல் போனவர்.”