வெண்ணாற்றுப் பாலத்தில் திறந்திருந்த கண்கள்

திருவையாறு செல்லும் பேருந்து வெண்ணாற்றுப் பாலத்தில் ஏறியபோது, என் முன்னிருக்கைப் பெண் தன் அண்ணன் மனைவியைப் பார்த்துத் திகைத்துக் கேட்டாள்:

"என்ன அண்ணி, பாலத்துல கண்ணைத் தொறந்து வச்சிருக்கீங்க? எப்பவும் இறுக்கி மூடிக்குவீங்களே?"

"அமெரிக்காவுல பையன் வீட்டுக்குப் போனப்ப, பெரிய தொங்குபாலத்தையே நடந்து தாண்டிட்டேன் வசந்தா."

"யாரு, நீங்களா? கல்யாணமாகி எங்க வீட்டுக்கு வந்தப்ப, மூங்கில் பாலத்துல ஏற மாட்டேன்னு பட்டுப்புடவையோட வாய்க்கால்ல எறங்குனவங்களா?"

"அதைத்தான் நீ எல்லாக் கல்யாணத்துலயும் பந்தியில சொல்லிச் சிரிக்கிறியே. அதுக்காகவே நடந்தேன்."

"பயமா இல்லையா?"

"கீழ கடல். திரும்பிடலாம்னு நின்னுட்டேன். அப்பத்தான் மருமக சொன்னா, அதைக் கட்டுறப்ப ஆளுங்க விழுந்தா பிடிக்கிறதுக்கு அடியில வலை கட்டியிருந்தாங்களாம். விழுந்தவங்க பல பேரு அதுல பொழச்சாங்களாம்."

"நம்ம ஊரு வலையில மீனு விழுந்தா உசுருல்ல போகும்!"

"கட்டினவங்களுக்கே பயம் இருந்திருக்கு. பயந்துக்கிட்டேதான் கட்டி முடிச்சாங்க. நானும் பயந்துக்கிட்டே அந்தக் கரைக்குப் போயிட்டேன்."

அடுத்ததாக வெட்டாற்றுப் பாலம் வந்தது. அண்ணி ஜன்னலோரம் நன்றாகச் சாய்ந்து, ஓடும் தண்ணீரை நிதானமாகப் பார்த்தார். வசந்தா கம்பியைப் பிடித்து எழுந்து, பேருந்து முழுவதற்கும் அறிவித்தாள்:

"எங்க அண்ணி அமெரிக்காவுல தொங்குபாலத்தை நடந்தே தாண்டினவங்க! என் பொண்ணு கல்யாணத்துல பந்திக்குப் பந்தி சொல்லப்போறேன்!"

"வாய்க்கால் கதையையும் சேர்த்தே சொல்லு," என்றார் அண்ணி. "அது இல்லாம இதுல என்ன இருக்கு?"